குறிஞ்சி மலையும் நிழற்படச் சான்றும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காமிரா என்னுங் கருவி தோன்றாத காலத்தே பிறந்த இம்மொழி, அக்கருவி எல்லார் கையிலும் குடிகொண்டுவிட்ட இக்காலத்திற்கே தனியாகச் சொல்லிவைத்தது போல் விளங்குகின்றது. ஒருவர் தாம் நேரிற் காணாத மலையொன்றைப் படத்திற் காண்கின்றார். கண்ட அளவிலே, அம்மலையையே கண்டதாக மனங்கொண்டு பிறர்க்கும் எடுத்துரைக்கின்றார். அப்படத்தை எடுத்தவர் ஆங்கு யாது கண்டார், எடுத்தபின் அதனை யாது செய்தார் என்று விசாரிப்பார் அரியர். அவ்விசாரணையே இக்கட்டுரையின் பொருள். காட்டுப் பூக்கள் போர்த்த மலைகள் உலகிற் பல உளவேனும், தமிழ் பயில்வார்க்கு நெருங்கிய உரிமையுடையது குறிஞ்சி பூத்த மலையாதலின், அதனையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நீலக்குறிஞ்சி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் வளரும் குறுஞ்செடி. தாவர நூலார் இதற்கு ஸ்ட்ரொபிலாந்தஸ் குந்தியானா என்று பெயரிட்டுள்ளனர். பழனி மலை, ஆனைமலை, நீலகிரி முதலியவற்றின் சரிவுகளில் இது பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை ஒருங்கே பூக்கின்றது. பூத்து விதை முதிர்ந்தபின் மடிந்துபோகின்றது. பூத்த செடி மறுமுறை பூப்பதில்லை. அதன் விதையினின்று முளைத்த கன்றே அடுத்த பன்னிரண்டாம் ஆண்டிற் பூக்கும். 1838-ஆம் ஆண்டு முதலாக இப்பூப்பு ஆண்டுகள் குறித்து வைக்கப்பட்டு வந்துள்ளன. பழனி மலையில் வாழும் பளியர் தம் வயதையே குறிஞ்சிப் பூப்பால் எண்ணிவந்தனர் என்பர். அண்மையில் 2006-இலும் 2018-இலும் பெரும்பூப்பு நிகழ்ந்தது. அடுத்தது 2030-இல் எதிர்பார்க்கப்படுகின்றது. சிற்சில சரிவுகளில் இடையாண்டுகளிலும் பூப்பதுண்டு. ஆயினும் மலை முழுதும் நிறம் மாறும் பெருங்காட்சி பன்னிரண்டாண்டு நோன்பின் பயனே ஆகும்.

எம் வயதினர் 2006-ஆம் ஆண்டுப் பூப்பை அறியார். அஃது எம் பிறப்பை ஒட்டிய காலம். 2018-இல் யாம் பள்ளிச் சிறார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற் கேரள நாட்டிற் பெருவெள்ளம் நேர்ந்து, மூணாற்றுக்குச் செல்லும் சாலைகள் சிதைந்தமையின், செல்லக் கருதியிருந்த முதியோரும் பலர் செல்ல இயலாராயினர். ஆதலின் எம்மனோர் பெரும்பாலோர்க்குக் குறிஞ்சி மலை என்பது கைப்பேசியிற் கண்ட மலையே. அக்கைப்பேசிப் படங்கள் பலவற்றில் மலை முழுதும் ஊதாச் சாயத்தைக் குடங்குடமாக ஊற்றினாற்போல் ஒளிர்ந்தது. பாறை காணப்படவில்லை, புல் காணப்படவில்லை, வேலியோ மின்கம்பியோ தேயிலைத் தோட்டமோ காணப்படவில்லை. மெய்யான குறிஞ்சியோ வெளிறிய நீலத்தில் தொடங்கி, முதிருந்தோறும் ஊதாச் சாயல் பெறுவது. உயர்ந்த புல்வெளிகளில் முழங்காலளவினதாய்த் தாழ்ந்து நிற்பது. பல சரிவுகளில் புல்லோடும் பாறையோடும் கலந்து திட்டுத்திட்டாய்ப் படர்வது. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

இவ்வேற்றுமையைக் குறித்து எமது கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். படத்தைத் திருத்துதல் குற்றமன்று. சான்றை மாற்றுதலே குற்றம். குறிஞ்சி மலையைப் படமெடுப்பவர், தாம் கருதினும் கருதாவிடினும், பன்னிரண்டாண்டிற்கு ஒருமுறையே கிடைக்குஞ் சாட்சியமொன்றைப் பதிவு செய்கின்றார். அச்சாட்சியம் கெடாதவாறே அவர் தம் கைவண்ணத்தைக் காட்டுதல் வேண்டும். இக்கருத்தை இரு திறத்தார் மறுப்பர். ஒரு சாரார், திருத்தம் எதுவாயினும் பொய்யே என்பர். மற்றொரு சாரார், கலைஞனுக்கு எல்லை வகுக்க நீவிர் யார் என்பர். இருவர்க்கும் முறையே விடை கூற முயல்வோம்.

காமிரா கொடுத்ததைக் கொடுத்தவாறே வெளியிடுதல் வேண்டும் என்பார், காமிரா உண்மையையே கொடுக்கும் என்று நம்புகின்றனர். இந்நம்பிக்கைக்கு நிழற்படக் கலையின் வரலாறே மாறாக நிற்கின்றது. 1839-இல் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்ட நாள் தொட்டு நெடுங்காலம், படத்தட்டுக்கள் நீலவொளியையே மிகுதியும் உணர்ந்தன. நீலம் வெண்மையாகவும் செம்மை கருமையாகவும் அவற்றிற் பதிந்தன. நீல வானமும் அதன்கண் மிதந்த வெண்முகிலும் பிரித்தறிய ஒண்ணாதவாறு ஒன்றாயின. 1873-இல் ஹெர்மன் வோகல் என்னும் ஜெர்மானிய வேதியியலார் தட்டிற் சாயங் கலந்து, அது பச்சையொளியையும் உணரச் செய்தார். எல்லா நிறத்தையும் உணருந் தட்டுக்கள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. அடுத்த ஆண்டிலேயே லூமியேர் சகோதரரின் வண்ணத்தட்டு வெளிவந்தது. அதன்பின்னருந் துன்பம் தீர்ந்தபாடில்லை. சில நீலப் பூக்கள், நம் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கோடியின் கதிர்களை மிகுதியாகத் திருப்புமியல்பின. வண்ண பிலிம் அக்கதிர்களையும் உணர்ந்தமையால், தோட்டத்தில் நீலமாயிருந்த பூ, படத்தில் இளஞ்சிவப்பாய் விழுந்து தோட்டக்காரரை மயக்கிற்று. கை படாத அப்படமே பொய் கூறிற்று. திருத்திய படமே மெய் கூறியிருக்கும்.

இக்காலத்து எண்ணியல் காமிராவும் இதற்கு விலக்கன்று. பிரைஸ் பேயர் என்பார் 1976-இல் உரிமைக்காப்புப் பெற்ற அமைப்பின்படி, ஒளியுணர் தகட்டின் ஒவ்வொரு நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சையை மட்டும் அளக்கும்; ஒன்று சிவப்பையும் மற்றொன்று நீலத்தையும் அளக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் எஞ்சிய இரு நிறங்களை, அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டே நிரப்புகின்றனர். ஆகவே நாம் காணும் வண்ணப் படத்திற் பெரும்பங்கு நிறம் அளந்ததன்று, கணித்ததே. இதன்மேலும், கைப்பேசிகள் தாமாகவே நிறத்தை மிகுத்து, நிழலை வெளுப்பித்து, விளிம்பைக் கூர்மையாக்கித் தருகின்றன. எம் கை படவில்லை என்று ஒருவர் பெருமை கூறுமிடத்து, அக்கைப்பேசியைச் செய்த கம்பெனியின் கை பட்டிருக்கின்றது. கை படாத படம் என ஒன்று இல்லாதபோது, படக்கூடாது என்று விதித்தல் எவ்வாறு பொருந்தும்?

மலைக்காட்சியில் இத்திருத்தம் இன்றியமையாததுமாகும். குறிஞ்சி பூக்கும் மாதங்கள் பருவமழையும் மூடுபனியும் மலையைச் சூழும் மாதங்கள். மூடுபனிக்கிடையே எடுத்த படம் நீலம் மிகுந்து, சோர்ந்து, வெளிறித் தோன்றும். ஆண்டு நின்றவர் கண்ணோ அப்பனியொளிக்குப் பழகி, வெள்ளையை வெள்ளையாகவும் பச்சையைப் பச்சையாகவும் கண்டிருக்கும். வெண்மையை நேர்செய்து, சோர்ந்த ஒளியை நிமிர்த்துவது, கண் கண்டதைக் கண்டவாறு மீட்பதேயாகும். அவ்வாறே, முகில் கிழித்து வெயில் பாய்ந்த வானமும், நிழலில் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் ஒரே காட்சியில் அமையுமிடத்து, கண் இரண்டையும் ஏற்கும்; காமிரா ஒன்றையே ஏற்கும். ஒளி கூடியும் குறைந்தும் ஒரே நிலையில் எடுத்த இரு படங்களை இணைத்து அக்குறையை நீக்குவதில் வஞ்சனை யாதும் இல்லை. இவையெல்லாம் கண்ணாடியைத் துடைப்பது போன்றன. முகத்தை மாற்றுவன அல்ல.

இனி, மற்றைச் சாராரின் வழக்கைக் கேட்போம். ஓவியன் மலையைத் தன் மனத்திற்கேற்ப வரைகின்றான். நிழற்படக் கலைஞன் மட்டும் கண்டதற்கே அடிமையாதல் வேண்டுமோ என்பது அவர் வினா. இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அமெரிக்க நாட்டிற் பெரும்புகழ் பெற்ற மலைப் படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் என்பார் 1944-இல் சியரா நெவாடா மலையின் குளிர்காலக் காலையொன்றைப் படமெடுத்தார். அப்படத்தின் இடைப்பட்ட குன்றொன்றில், லோன் பைன் என்னும் சிற்றூரின் பள்ளி மாணவர் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டை வெண்கற்களால் பெரிதாக அமைத்திருந்தனர். ஆடம்ஸ் தம் படத்தில் அவ்வெழுத்துக்களைக் கருமையால் மறைத்துவிட்டார். மறைத்ததை மறுக்காது அதற்குக் காரணமும் கூறினார். கணினி பிறவாத காலத்தே இருட்டறையில் நிகழ்ந்த திருத்தம் இது. இதனைக் கண்டிக்க யாம் முற்படவில்லை. அவர் தம் படைப்பைக் கலையென்றே உலகிற்குக் கொடுத்தார். உலகமும் கலையென்றே ஏற்றது.

ஆனால் அதே திருத்தம் செய்தியாகக் கொடுக்கப்படுமிடத்து நிலை மாறுகின்றது. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில், எகிப்து நாட்டுப் பிரமிடுகளிரண்டு, நெடுக்கு வடிவான அட்டைக்குள் அடங்குதற்பொருட்டுக் கணினியால் நெருக்கி வைக்கப்பட்டன. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாது நின்ற கற்குவியல் ஓர் அட்டைக்காக அசைந்தது! பெருங் கண்டனம் எழுந்தது; காரணம், அவ்விதழை வாசிப்போர் உலகத்தை உள்ளவாறு காண்பான் விரும்பியே அதனை விலை கொடுத்து வாங்கினர். ஆகவே கலைஞனுக்கு எல்லையில்லை என்பது மெய்யாயினும், தான் கலைஞனாக நிற்கின்றானோ சாட்சியாக நிற்கின்றானோ என்பதை அறிவிக்கும் கடமை அவனுக்கு உண்டு. மலையின் பெயரும் ஆண்டும் எழுதி வெளியிட்ட கணமே அவன் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டான். 'மூணாறு, 2018' என்று எழுதிவிட்டுத் தன் மனத்திற் கண்ட மலையைக் காட்டுவானாயின், அது கற்பனையன்று, பொய்ச்சான்று.

இவ்விடத்துத் தமிழ் மாணவர் என்னும் முறையில் ஒன்று கூற விரும்புகின்றோம். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், குறிஞ்சிப் பூவினின்று தேன் உண்டாவதைக் கூறுவது. காதலின் அளவைக் கூறவந்த புலவர், நிலத்தையும் வானையும் கடலையும் துணைக்கழைத்துப் பெருக்கிக் கூறுகின்றார். அவ்வாறு பெருக்கிக் கூறும் பாட்டிலே, குறிஞ்சியைக் கூறுமிடத்து மட்டும் பெருக்கம் யாதுமின்றி, அச்செடியின் தண்டு கரியது என்பதனைக் குறித்துச் செல்கின்றார். பூவின் நிறத்தை அவர் பாடவில்லை. மலையடுத்து நின்று செடியைக் கையாற் பற்றிக் கண்டவர்க்கன்றி அக்கருந்தண்டு புலனாகாது. உள்ளத்தை அளவின்றிப் பெருக்கலாம், செடியை உள்ளவாறே உரைத்தல் வேண்டும் என்னும் வரம்பு அப்பாட்டில் அமைந்து கிடக்கின்றது என்பது எம் கருத்து. இக்காலத்துப் படங்களில் அக்கருந்தண்டு எங்கே? நிறத்தை மிகுப்பிக்குங் கோலை வலப்புறம் இழுத்த மாத்திரத்தில் தண்டும் இலையும் பாறையும் ஊதாவில் மூழ்கிவிடுகின்றன. சங்கப் புலவர் கண்ட செடியைப் படத்திற் காண மாட்டாத நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

திருத்தம் கணினியில்தான் தொடங்குகின்றது என்று எண்ணுதலுந் தவறு. தொலைவில் நின்று நீண்ட லென்ஸால் எடுப்பின், முன்னும் பின்னும் நிற்கும் செடிகள் ஒன்றோடொன்று நெருங்கினாற்போல் தோன்றும். இடையேயுள்ள வெறுநிலம் மறையும். காமிராவைத் தரையொட்டித் தாழ்த்தி எடுப்பினும் அவ்வாறே. பத்துச் செடிகள் நின்ற சரிவு பூக்கடலாய்விடும். இஃது ஒரு முறையான உத்தியே. ஓரழகைக் காட்ட உதவுவதே. ஆயினும் அப்படத்தோடு, சரிவு முழுவதையும் நிமிர்ந்து நின்று எடுத்த எளிய படமொன்றையுஞ் சேர்த்து வெளியிடாவிடின், காண்போர் மனத்தில் மலையின் கணக்குத் தவறிவிடும்.

கணக்குத் தவறினால் வருந் தீங்கு யாது? அழகிய பொய்யால் யாருக்கு நட்டம்? இவ்வாறு வினவுவார்க்கு, கடல் கடந்த நாடொன்றின் நிகழ்ச்சி விடை கூறும். கலிபோர்னியாவில், நல்ல மழை பெய்த குளிர்காலத்தை அடுத்த இளவேனிலில், வறண்ட குன்றுகள் பொன்னிறப் பாப்பி மலரால் மூடப்படும். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லேக் எல்சினோர் என்னும் நகரை அடுத்த வாக்கர் பள்ளத்தாக்கில் அம்மலர்கள் பூத்தபோது, அவற்றின் படங்கள் கைப்பேசி வழியே எங்கும் பரவின. படங்கண்டோர் திரண்டு வந்தனர். சாலைகள் அடைபட்டன, பலர் பாதையை விட்டு மலருக்குள் இறங்கி மிதித்தும் படுத்தும் படமெடுத்தனர். நகராட்சியார் மார்ச்சு 17-ஆம் நாள் அவ்விடத்தைச் சிறிது காலம் மூட வேண்டியதாயிற்று. 2023-இல் மலர்கள் மீண்டும் பூத்தபோதோ, அப்பள்ளத்தாக்கிற் காலடி வைக்கவே தடை விதித்துவிட்டனர். பரவிய படங்கள் யாவும் பொய்ப்படங்கள் என்று யாம் கூறவில்லை. ஆயின் நடுப்பூவில் ஒருவர் தனித்து அமர்ந்திருக்கும் படம், அவர் அவ்விடத்தை அடைதற்கு மிதித்துச் சென்ற வழியைக் காட்டுவதில்லை. படத்திலுள்ள காலடித் தடத்தைத் திருத்தத்தால் அழித்துவிடலாம். மலையிலுள்ள தடத்தை அழிக்க எந்த மென்பொருளும் இல்லை.

குறிஞ்சிக்கு இத்தீங்கு நேரின் அது பன்மடங்காகும். விதை முதிருமுன் ஒடிந்த செடி, தன் வாழ்நாளின் ஒரே பூப்பை வீணே இழந்ததாகும். அதன் இடத்தில் அடுத்த பன்னிரண்டாம் ஆண்டு பூப்பதற்கு ஒன்றும் எஞ்சாது. ஊதாக் கடலைப் படத்திற் கண்டு வந்தவர், திட்டுத்திட்டாய் நிற்கும் வெளிறிய பூவைக் கண்டு ஏமாற்றமடைகின்றார். படத்திற் கண்ட அடர்த்தியைத் தேடி வேலிக்கு அப்பாலும் சரிவின் கீழும் இறங்குகின்றார். தேடியது கிடைக்காவிடிற் பூவைக் கொத்தாகப் பறித்துக் கையிற் பிடித்தாவது படமெடுக்கின்றார். 2006-இற் கேரள அரசு இடுக்கி மாவட்டத்திற் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்ததும், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வருவோரைக் குறித்த பாதையோடு நிறுத்துவதும் காவலுக்கு வேண்டியனவே. எனினும் மனத்தில் விளைந்த பொய்யாசைக்கு வேலி கட்டுதல் எந்தக் காவலராலும் இயலாது. அதனைப் படமெடுப்போரே செய்தல் வேண்டும்.

இதனினும் பெரிய நட்டம் ஒன்று உளது. குறிஞ்சி வளரும் புல்வெளிகள் குறைந்து வருகின்றன. செயற்கைக்கோட் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டதென்று காட்டிற்று. மரத்தோட்டங்களும் பயிர்த்தொழிலும் அதன் இடத்தைக் கவர்ந்தன. சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் புல்வெளியில் ஏறி வருவதைக் கொடைக்கானற் பக்கம் செல்வோர் இன்றும் காணலாம். இம்மாற்றத்தைப் பொதுமக்கள் கண்ணுக்குப் புலப்படச் செய்வது யாது? ஒரே இடத்தில் நின்று, ஆண்டுகள் பல கழித்து எடுத்த படங்களை அருகருகே வைத்து நோக்குதலேயாகும். அமெரிக்காவின் மாண்டானா மாகாணத்துப் பனிமலைப் பூங்காவில், பழைய படமெடுத்தோர் நின்றவிடத்திலேயே நின்று மீளப் படமெடுக்கும் பணி 1997-இல் தொடங்கிற்று. பனிப்பாறைகள் சுருங்கியதைப் பாமரரும் அறியச் செய்தவை அப்படங்களே. பழைய படமெடுத்தோர் அழகின்பொருட்டுப் பனியைக் கூட்டி வரைந்திருப்பாராயின் இன்று அவற்றால் யாது பயன்?

குறிஞ்சிக்கும் இதுவே பொருந்தும். 2018-இல் எடுத்த சரிவின் படமும், 2030-இல் எடுக்கப்போகும் படமும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும். அவற்றுள் ஒன்றிற் சீகை மரத்தை அழகுக்கேடென்று அழித்தும், மற்றொன்றில் வெறுந்தரையிற் பூவை ஒட்டியும் வைத்திருப்பின், பூப்புக் குறைந்ததோ கூடியதோ என்று யாவர் கூற வல்லார்? தேயிலையும் வேலியும் மின்கம்பியும் அழகைக் கெடுப்பன என்பது மெய்யே. ஆனால் அவை மலையில் உள்ளன. மலையிலிருந்து நீக்க வேண்டியதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு அமைதியுறுதல், நோயாளியின் உடலை விட்டு வைத்தியக் குறிப்பைத் திருத்துவது போன்றதாம்.

பொய்ப்படம் மெய்ப்படத்தின் மதிப்பையுங் கெடுக்கும். சார்லஸ் ஓரியர் என்பார் 1996-இல் கலிபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில், பசும்புல் மூடிய குன்றொன்றை எடுத்தார். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னுங் கணினி அமைப்பின் முகப்பில் அப்படம் இடம்பெற்று உலகெங்குஞ் சென்றது. நிறத்தை மிகுத்துக் காட்டும் இயல்புடைய பிலிமில் எடுத்ததேயன்றி, தாம் அதனைக் கணினியில் திருத்தவில்லை என்று அவர் கூறியிருப்பவும், பலர் அது கற்பனைக் குன்றே என்றெண்ணினர். அக்குன்றிற் பின்னர் மீண்டும் கொடிமுந்திரி பயிராயிற்று. அப்பசுமையை இன்று சென்று காண வழியில்லை. இப்போதோ சொற்களைக் கூறிய அளவிலே இல்லாத மலையை வரைந்து தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நாளை ஒரு மாணவர் மெய்யாகவே பூத்துக் குலுங்கும் சரிவைக் கண்டு படமெடுத்து வந்தால், அதனை நம்புவார் உளரோ?

ஆதலின் மலர்மலைகளைப் படமெடுக்குந் தோழர்க்குச் சில முறைகளைப் பணிவுடன் கூறுகின்றோம். காமிராவின் மூலக்கோப்பை நாளும் இடமும் குறித்து மாற்றமின்றிச் சேமித்து வைத்தல் முதன்மையான கடமை. எத்துணைத் திருத்தஞ் செய்யினும் திரும்பிச் செல்ல வழி இருக்கும். நிறத்தை நேர்செய்யுங்கால், பூவை மட்டும் நோக்காது, பாறையையும் புல்லையும் நோக்குதல் நன்று; பாறை ஊதாவாயிற்றெனின் திருத்தம் எல்லை கடந்தது என்று அறியலாம். நிழலையும் ஒளியையும் நேர்செய்யலாம். உள்ள பொருளை அழித்தலும் இல்லாத பொருளைச் சேர்த்தலும் கூடா. அவற்றைச் செய்தே ஆக வேண்டுமென்னும் கலையார்வம் எழுமாயின், செய்து, படத்தின் கீழ்ச் 'சித்திரம்' என்றோ 'இணைத்தது' என்றோ எழுதி வைப்பின் யாருக்கும் வழக்கில்லை. அழகிய படம் ஒன்றிற்கு எளிய அகலப்படம் ஒன்று துணையாக எடுத்தல் வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, பாதையில் நின்று எடுக்க இயலாத படத்தை எடாது விடுதல் வேண்டும்.

இவ்வாறு எடுத்த படம் வெளிறியிருக்கும், யாரும் பாரார் என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். உண்மையே, விரல் தள்ளும் விரைவில் வண்ணம் மிக்க படமே கண்ணைப் பிடித்து நிறுத்தும். ஆயின் நிறுத்துவது ஒன்று, நிலைப்பது ஒன்று. வெளிறிய நீலத்திற்கு உரிய அழகு வெளிறிய நீலத்தில்தான் உளது. மூடுபனி விலகும்போது தெரிந்தும் தெரியாமலும் ஒரு சரிவு நிறம் மாறியிருப்பதைக் காட்டுதல், ஊதாச் சாயத்தை ஊற்றுவதினும் அரிய தொழில். சாயம் ஊற்றத் திறமை வேண்டியதில்லை. காத்திருத்தலும் கூர்ந்து நோக்குதலுமே திறமை. பன்னிரண்டாண்டு காத்துப் பூக்குஞ் செடியைப் படமெடுக்க வருவோர் முகில் விலகுமளவு காத்திருத்தல் ஆகாதோ?

எம் கல்லூரி போன்ற நிலையங்கட்கு இதில் ஒரு தனிக்கடமையும் உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது முதல், மிஷன் குடும்பங்கள் பல தலைமுறையாகக் கோடைதோறும் அம்மலைக்குச் சென்று வந்துள்ளன. அக்குடும்பங்களிலும் பழைய மாணவர் இல்லங்களிலும், பெட்டிகளின் அடியில் மலைப்படங்கள் கிடத்தல் கூடும். கறுப்பு வெள்ளையில், மங்கியும் கிழிந்தும் இருப்பினும், அவை புல்வெளி எங்கெங்கு இருந்ததென்று கூறும். அவற்றைத் தேடித் தொகுத்து, எடுத்த ஆண்டும் இடமும் கேட்டுக் குறித்து, நூல்நிலையத்திற் சேர்த்து வைத்தல் மாணவர் சங்கங்கள் இன்றே மேற்கொள்ளத்தக்க பணி. 2030-இற் குறிஞ்சி பூக்குங்கால், அப்பழைய படங்களைக் கையிற் கொண்டு, அவை எடுத்த இடங்களிலேயே நின்று புதிய படங்களை எடுக்கலாம்.

2030-இல் யாம் இக்கல்லூரியை விட்டுச் சென்றிருப்போம். இருபதுகளின் நடுவில் நிற்போம். அதற்கடுத்த 2042-ஆம் ஆண்டுப் பூப்பின்போது, இன்று பிறவாத சிறார், அம்மலை முன்னர் எவ்வாறிருந்தது என்று எம்மை வினவுவர். அன்று அவர்க்குக் காட்ட எம் கையில் இருப்பன யாம் எடுக்கும் படங்களே. பூ மிகுந்திருந்ததாயின் மிகுந்ததென்றும், குறைந்திருந்ததாயின் குறைந்ததென்றும் அவை கூறுக. சீகை மரம் நின்றவிடத்து நின்றதென்று கூறுக. குறிஞ்சி தன் கடனைப் பன்னிரண்டாண்டு தவறாது ஆற்றி வருகின்றது. அதனை உள்ளவாறு காட்டுங் கடன் எம்முடையதும் நும்முடையதும் ஆகும்.